இல்லாத அக்காவின் மகன்

நான் பெற்ற பிள்ளையை, நாற்பது பேர் முன்னால், என் பிள்ளை இல்லை என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன்... இரண்டரை வருடமாகத் தொண்டைக்குள் கிடந்தது. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு வரி! இதற்கா இத்தனை நாள் பயந்தேன் என்று இருக்கிறது.

நீங்கள் என்னை மோசமாக நினைப்பதற்கு முன்... இல்லை, நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தானே எழுதுகிறேன்? ஆனால் முழுவதையும் படித்துவிட்டு நினையுங்கள்.

யாரும் என்னை மிரட்டிச் சொல்லவைக்கவில்லை. எனக்குக் கொடுமைக்கார மாமியார் கிடையாது. குடிகாரக் கணவர் கிடையாது. இருந்திருந்தால் பழியை அவர்கள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டுதான் இதைச் செய்தேன்.

எதற்காக? ஒரு பாடத்திற்காக! பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டுப் பாடம் ஒன்று. பன்னாட்டு மேலாண்மை.

சிரிப்பு வருகிறதா? பாப்பாரப்பட்டியில் கேழ்வரகும் புளியும் விளைவிக்கிற குடும்பத்தின் மருமகளுக்குப் பன்னாட்டு மேலாண்மை எதற்கு என்று நீங்கள் கேட்டால், என்னிடம் நேரான பதில் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு என் மாமன் மகனுக்கே என்னைக் கட்டிவைத்தார்கள். அவர் பத்தாவது படித்தவர். நான் மேலே படிக்காமல் போனது என்னைவிட அவருக்குத்தான் உறுத்தல். தர்மபுரிக்குப் போனபோது அஞ்சல் வழிக் கல்வி விண்ணப்பத்தை அவரே வாங்கிவந்து, "நீ படி கௌரி, வூட்டு வேலைய அம்மா பாத்துக்கும்" என்றார். அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை.

மாதம் ஒரு முறை நீல அட்டை போட்ட பாடக் கட்டு தபாலில் வரும். அடுப்பில் களி கிண்டிக்கொண்டே படிப்பேன். முதல் இரண்டு ஆண்டுப் பாடங்கள் கடமைக்குப் படித்தவை. இந்தப் பாடம் அப்படி இல்லை. ஒரு நாட்டில் விளைந்தது இன்னொரு நாட்டுச் சமையலறைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, அங்கே இருப்பவர்களோடு எப்படிப் பேசவேண்டும், எந்த ஊரில் எதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்... எல்லாம் அதில் இருந்தது. துறைமுகங்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். எங்கள் வீட்டுப் புளியை வியாபாரி வந்து எடுத்துப்போகும்போது, "இது கடைசியில் எந்த ஊருக்குங்க போகுது?" என்று கேட்கத் தொடங்கியிருந்தேன். அவருக்கே தெரியாது. எனக்குத் தெரிந்தாகவேண்டும்!

அந்த ஆசையில் தவறு இருந்ததா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஆசையில் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததில்தான்.

மூன்றாம் ஆண்டின் பாதியில் பத்து நாள் தொடர்பு வகுப்பு வைத்தார்கள். எண்பத்தாறாம் வருடம், ஆயுத பூஜை விடுமுறையின்போது, தர்மபுரியில் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்து. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். என் மகன் சரவணனுக்கு அப்போது பதினொரு மாதம். அத்தை பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பசும்பால், கேழ்வரகுக் கூழ், பகலுக்குப் புட்டி. பழக்கியிருந்தோம். பழகிவிட்டான் என்றுதான் நினைத்தோம்.

வகுப்பில் நாற்பது பேர். பெண்கள் ஏழு பேர்தான். பேராசிரியர் சேலத்திலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, வேகமானவர். முதல் நாள் எல்லோரையும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

எனக்கு முந்தைய வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கறுப்பு புர்கா, முகத்திரை இல்லாமல். "பேரு ஷம்ஷாத்துங்க. இதே ஊருதான். வூட்டுக்காரரு தகரப் பெட்டி செய்யறாருங்க. ரெண்டு புள்ளைங்க. சின்னதுக்கு அஞ்சு மாசம். மத்தியானம் ஒரு நடை வூட்டுக்குப் போயி பால் குடுத்துட்டு வருவேனுங்க சார், கோவிச்சுக்காதீங்க."

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "சார், பரீச்சை ஹால்ல தூளி கட்ட ஒரு கொக்கி போட்டுடலாங்களா?" என்றார். ஷம்ஷாத் திரும்பிப் பார்த்து, "போடுங்க. ரெண்டா போடுங்க, உங்களுக்கும் தூக்கம் வரும்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது ஒன்றுமே இல்லை.

எனக்குக் காது சுட்டது. என் முறை வந்தது. "பேர் கௌரி. பாப்பாரப்பட்டி. கல்யாணம் ஆகிவிட்டது. குழந்தை... இன்னும் இல்லை."

அதை நான் திட்டமிடவில்லை. நம்புவீர்களா? வாயிலிருந்து வந்துவிட்டது. உட்கார்ந்ததும், சாயங்காலம் போய்க் குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கவேண்டும் என்று நினைத்தேன். நானே வைத்த வாய்க்கு நானே உப்பும் மிளகாயும் சுற்றினேன்! அத்தை, "யாரு கண்ணு பட்டுது?" என்று கேட்டார். "பஸ்ஸுல யாரோ" என்றேன்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாக இருந்தது. அதுதான் பயங்கரம். குழந்தை இல்லாதவளை எல்லோரும் மாணவி என்று பார்த்தார்கள். பேராசிரியர் என்னிடம் கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். நான்காம் நாள் அவர் ஒரு செய்தி சொன்னார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஏற்றுமதி செய்கிற ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்க்க ஆள் கேட்டிருக்கிறார்களாம். வகுப்பில் சிறந்த ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவாராம். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

எனக்கு அந்தக் கடிதம் வேண்டும்! எதையும் அப்படி விரும்பியதில்லை. எங்கோ ஒரு துறைமுகத்தில் யாரோ பிரிக்கப்போகிற கடிதத்தை நான் எழுதவேண்டும்.

ஏழாம் நாள். காலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். அதே மாங்கூழ் நிறுவனம் துபாயில் ஓர் அலுவலகம் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளவேண்டும். இரண்டு வருடத்துக்கு அங்கே அனுப்ப ஐந்து பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஐந்து பேரின் விவரத்தையும் கரும்பலகையில் எழுதினார். ஐந்தாவது ஆள் ஒரு பெண். மற்ற நால்வரையும்விட அனுபவமும் தகுதியும் உள்ளவள். ஒரே ஒரு குறிப்பு: கைக்குழந்தை உண்டு.

ஷம்ஷாத் எழுந்தாள். "சார், எங்க கொழுந்தனாரு துபாயிலதான் இருக்காரு. ஒரு ரூமுல எட்டுப் பேரு. மாசம் ஒரு கேசட்டு பேசி அனுப்புவாரு. பாதி கேசட்டு அழுவைதானுங்க. தனியாப் போற ஆம்பளைங்கதான் அங்க உக்காந்து அழுவறாங்க. கைப்புள்ளையோட போறவளுக்கு அழுவ நேரமே இருக்காது. அந்தம்மாவையே அனுப்புங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். "மிசஸ் கௌரி, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் எழுந்தேன். ஏழாம் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் மேலாளர்கள் பாதியில் திரும்பி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு அல்ல, குடும்பம். ஆகவே தேர்வு செய்யும்போது குடும்பச் சுமையைப் பார்க்கவேண்டும். அதோடு நிறுத்தியிருக்கலாம். பாடத்தில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன்.

"குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கப்பல் காத்திருக்குமா, சார்? வீட்டிலேயே இருக்கவேண்டியவர்கள் வீட்டிலேயே இருப்பதுதான் நிறுவனத்துக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது."

கைதட்டினார்கள்! உங்களிடம் மறைக்கமாட்டேன், எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. ஐந்தாவது பெண்ணை நிராகரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் பேராசிரியர். வகுப்பே தூக்கியது. ஷம்ஷாத் மட்டும் தூக்கவில்லை. அவள் தன் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள்...

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. காவலாளி வாசலில் வந்து நின்றார்.

"பாப்பாரப்பட்டிம்மா யாருங்க? கேட்டாண்ட ஒருத்தரு கைப்புள்ளயோட வந்து நிக்கறாருங்க. புள்ள அழுவற அழுவை தாங்கலீங்க."

நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின. ஜன்னல் வழியாக அழுகை கேட்டது. எந்தத் தாய்க்கும் தன் பிள்ளையின் அழுகை தெரியும். எனக்கும் தெரிந்தது. என் மார்புக்கும் தெரிந்தது. ரவிக்கை ஈரமாவதை உணர்ந்து, நீல அட்டைப் பாடக் கட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"யாரு மிசஸ் கௌரி?" என்றார் பேராசிரியர்.

"எங்க அக்கா பையன் சார். அக்கா வீட்டுக்காரர் வந்திருப்பார்."

பின்வரிசைக்காரர், "அந்தக் குழந்தையையாவது துபாய்க்கு அனுப்பலாமா, இல்ல அதுக்கும் குடும்பச் சுமை இருக்குதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பொய் சொன்னதைவிட, அந்தச் சிரிப்புதான்... அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கேட்டுக்குப் போனேன். என் கணவர் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். தோளில் சரவணன். முகம் சிவந்து, குரல் கம்மி.

"என்ன பண்றது கௌரி, அம்மாளுக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. புட்டிய வாயில வெச்சாத் தள்ளி உடறான். காத்தால இருந்து ஒரு சொட்டு எறங்கல. ஒரு ஓரமா உக்காந்து ஒரு வாய் குடுத்துட்டுப் போயேன்."

காய்ச்சல்! கப்பல் காத்திருக்குமா என்று கேட்டேனே...

சரவணன் என்னைப் பார்த்துவிட்டான். இரண்டு கைகளையும் நீட்டினான். "ம்மா... ம்மா..." புதிதாகக் கற்றுக்கொண்ட சொல் அது. ஒரு வாரமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

வகுப்பின் ஜன்னல்கள் எல்லாம் கேட்டைப் பார்த்தவை. யார் யார் பார்க்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைகள் பாடக் கட்டை விடவில்லை.

"இங்க எடமே இல்லைங்க மாமா" என்றேன். பெண்கள் ஓய்வறை இருபதடி தூரத்தில் இருந்தது. "கூட்டிட்டுப் போயிடுங்க. நாலு மணிக்கு வந்துடறேன்."

அவர் ஒரு வார்த்தை கோபித்திருக்கலாம். "செரி செரி, நீ போ. பாடம் போயிடப் போவுது" என்றார். பிள்ளையின் கைகளை மடக்கித் தன் தோளுக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது பின்னாலிருந்து ஷம்ஷாத் வந்தாள். மத்தியானம் வீட்டுக்குக் கிளம்பியவள். நேராக அவரிடம் போனாள்.

"குடுங்கண்ணா புள்ளைய. எனக்கும் கைப்புள்ள இருக்குது. பாலுக்கு எங்க புள்ள, உங்க புள்ளன்னு தெரியாது. நீங்க இப்பிடி நெழல்ல நில்லுங்க."

என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை. நெஞ்சோடு அணைத்திருந்த பாடக் கட்டை. "உங்கள உள்ள கூப்புடறாங்க. போங்க" என்றாள்.

நான் போனேன். ஆமாம், போனேன்! கரும்பலகை முன்னால் நின்று, துபாய் அலுவலகத்தில் யாருக்கு யார் மேலதிகாரி என்று கட்டம் கட்டமாக வரைந்து விளக்கினேன். மூன்றாவது கட்டம் வரையும்போது அழுகை நின்றது. சட்டென்று நின்றது. அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று நினைக்கிறீர்கள்? பிள்ளை பசியாறினான் என்றா? இனி யாரும் ஜன்னல் பக்கம் பார்க்கமாட்டார்கள் என்றுதான் தோன்றியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சரவணன் தூங்கிக்கொண்டிருந்தான். "உன் ஃபிரண்டு தங்கமான பொம்பள" என்றார் அவர். "வயிறு முட்டக் குடிச்சுட்டு பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டே வந்தான்." விழித்ததும் என்னிடம் தாவினான். எந்தக் கோபமும் இல்லை. பதினொரு மாதத்துக்கு ஞாபகம் ஏது? அதுதான் அவன் எனக்குச் செய்த தயவு, அதுதான் தண்டனையும்.

பத்தாம் நாள் எனக்கு அந்தப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தது. அன்று ஷம்ஷாத் என்னைத் தனியாக அழைத்தாள்.

"உங்க அக்காவுக்கு ஒரு சேதி சொல்லணுங்க. எங்க வழக்கத்துல, ஒரு புள்ளைக்குப் பால் குடுத்துட்டா அது நம்ம புள்ளதான். அவன் இனிமே என் பொண்ணு ரிஹானாவுக்கு அண்ணன். கூடப் பொறந்த மாதிரி. பெத்தவளுக்கு இது கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கணும், மறைக்கக் கூடாது. சொல்லிடறீங்களா?"

"சொல்லிடறேன்."

"அக்கா பேரு என்னங்க?"

இங்கேயாவது நின்றிருக்கலாம். அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "செல்வி" என்றேன். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். "ஊரு?" "ஏரியூர்." அதையும் எழுதிக்கொண்டாள்.

எனக்கு அக்காவே கிடையாது. நான்தான் வீட்டில் மூத்தவள்.

பஸ்ஸில் அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். ஆங்கிலத்தில், அழகான தட்டச்சில், என்னைப் பற்றி நல்லதாகவே எழுதியிருந்தார். கடைசி வரி: இவருக்குக் குடும்பப் பொறுப்புகள் ஏதும் இல்லை என்பதும் கூடுதல் தகுதி. அந்த வரியோடு அதை எந்த அலுவலகத்தில் நீட்டுவது? மடித்து நீல அட்டைக்குள் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. பரீட்சை எழுதினேன். அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண். என் கணவர் வீதி முழுக்க மிட்டாய் கொடுத்தார். நான் வாயில் போட்ட மிட்டாய் கரைய வெகுநேரம் ஆயிற்று.

மறு வருடம் ரம்ஜானுக்கு, தர்மபுரியிலிருந்து வரும் பஸ் கண்டக்டர் ஒரு பொட்டலத்தை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே சின்னச் சட்டை ஒன்று. கையால் தைத்தது. ஒரு துண்டுச் சீட்டு. "செல்வி அக்கா மகனுக்கு. ரிஹானாவின் அம்மா."

அவர், "இது யாரு செல்வி?" என்று கேட்டார். "பேர மாத்தி எழுதிட்டாங்க" என்றேன். நம்பிவிட்டார். அவர் எதையும் நம்புவார்.

அதற்கு நான் பதில் எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். "அக்கா மிகவும் சந்தோஷப்பட்டாள்." அடுத்த ரம்ஜானுக்கு இன்னொரு சட்டை. "அக்காவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை, அதனால் உடனே எழுத முடியவில்லை" என்று எழுதினேன். இல்லாதவளுக்கு நோயும் கொடுத்தேன்! பிறகு பயம். கற்பனை அக்காவுக்குச் சொன்ன நோய் உண்மையான பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று. சரவணனுக்கு மூக்கு ஒழுகினால்கூட, செல்வியால்தான் என்று நினைப்பேன். படித்தவள்தான் நான். ஆனாலும் இப்படித்தான் நினைத்தேன்.

இந்த வருட ரம்ஜானுக்கும் சட்டை வந்தது. இடுப்பு தெரிகிற அளவுக்குச் சின்னதாக இருந்தது. சீட்டில் இப்படி இருந்தது: "அளவு தெரியாமல் தைக்கிறேன். அண்ணன் எங்கே என்று என் மகள் கேட்கிறாள். செல்வி அக்காவையும் பையனையும் ஒருமுறை அழைத்து வாருங்கள்."

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் சரவணனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தகரம் அடிக்கும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. கடையில் அவள் கணவர் ஒரு பெட்டியின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். வீடு கடைக்குப் பின்னால். ஷம்ஷாத் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்றும் பார்த்தாள்.

"வாங்க வாங்க. டேய் மகனே, எவ்ளோ பெருசாயிட்டே! நான் தச்சது பத்தாதே! ரிஹானா, ஓடியா, உங்க அண்ணன் வந்திருக்கான் பாரு. அக்கா வரலீங்களா?"

பாயில் உட்கார்ந்தேன்.

"எனக்கு அக்காவே இல்லீங்க."

அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "அது அன்னிக்கே தெரியுமுங்க" என்றாள்.

"தெரியுமா?"

"பொஸ்தகத்தக் கட்டிப் புடிச்சிருந்தீங்களே, அட்டை நனைஞ்சு போச்சு. நீல அட்டை ஈரமானாக் கருநீலமாத் தெரியும். அதுவுமில்லாம, இவன் அந்தப் பொம்பளைங்க ரூமுல என் மடியில குடிச்சுக்கிட்டே கதவையே பாத்துக்கிட்டு இருந்தான். வர்றது பெரியம்மா, சித்தின்னா எந்தப் புள்ளையும் அப்பிடிப் பாக்காது."

"அப்புறம் ஏங்க அக்கா பேரு கேட்டீங்க?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். செல்வின்னு சொன்னீங்க. சரி, செல்வியோட மகனுக்கே அனுப்புவோம்னு அனுப்பினேன். போன வருசம் அந்தம்மாளுக்கு உடம்பு சரியில்லேன்னு எழுதினீங்க பாருங்க, எனக்குச் சிரிப்பு அடங்கல. எங்க வூட்டுக்காரரு, 'பாவம், துவா பண்ணு'ங்கறாரு!"

அவள் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. இரண்டரை வருடத்தில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. செல்வி அன்றைக்குச் செத்தாள். எவ்வளவு பெரிய நிம்மதி! உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

நிம்மதி முழுசாக இருந்திருந்தால் இந்தக் கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

டீ குடித்துவிட்டுக் கடைக்கு வந்தோம். புதிதாகச் செய்த பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. துணியில் துருக்கறை படாமல் இருக்கப் பெட்டியின் அடியில் காகிதம் விரித்திருந்தார்கள். அச்சடித்த காகிதம். எனக்குத் தெரிந்த எழுத்து. எங்கள் பாடம்.

"ஷம்ஷாத்... பரீட்சை எழுதலையா நீங்க?"

"இல்லீங்க. பேரே குடுக்கல."

"ஏன்?"

"புள்ளைங்க, வேலை... வூட்டுலயே இருக்கவேண்டியவங்க வூட்டுலயே இருக்கறதுதானுங்களே நல்லது."

என் வார்த்தைகள்! ஒரு சொல் மாறாமல். குத்திக்காட்டினாளா, விளையாட்டாகச் சொன்னாளா? எனக்குப் பிடிபடவில்லை. முகத்தில் அதே சிரிப்புதான்.

"என்னாலயா?" என்று கேட்டேன்.

"அய்யய்யே, அதெல்லாம் இல்லீங்க" என்றாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. குனிந்து பெட்டியின் காகிதத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"மன்னிச்சுடுங்க."

"புள்ள விசயத்துக்குன்னா, எனக்கு எதுக்குங்க? எனக்கு ஒரு மகன் கெடச்சான். என்னப் பாத்தா 'ம்மா'ன்னு கைய நீட்டினான்? நீட்டினவன்கிட்டக் கேளுங்க."

நீட்டியவன் ரிஹானாவோடு சேர்ந்து தகரத் துண்டைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் எப்படிக் கேட்பது? அவனுக்கு அந்த நாளே தெரியாது. எப்போது சொல்வது? பத்து வயதிலா, இருபதிலா? சொன்னால் அவனுக்கு என்ன ஆகும்? சொல்லாமல் விட்டால் எனக்கு என்ன ஆகும்? நீங்களாவது சொல்லுங்களேன்...

என் கணவருக்கும் இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். அவர் கோபிக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

கிளம்பும்போது ஷம்ஷாத்தின் கணவர் சரவணனுக்கு ஒரு குட்டித் தகரப் பெட்டி கொடுத்தார். கைப்பிடியும் கொண்டியும் வைத்தது. அதன் அடியிலும் பாடக் காகிதம். பஸ்ஸில் அவன் அதைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தான். திறக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தில் ஓரிடத்தில் பென்சிலால் அடிக்கோடு தெரிந்தது. அழுத்தமான, நேரான கோடு. படித்துத் தேறவேண்டும் என்று நினைப்பவள் போடுகிற கோடு. காகிதத்தை உருவிவிடலாம் என்று கையை வைத்தேன். எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை. அதன் மேல்தான் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்திருக்கிறான்.

பாதி வழியில் அவன் கேட்டான். "அவங்க ஏன் என்ன மகனேன்னு கூப்டாங்க?"

"அவங்களும் உனக்கு அம்மாதான் கண்ணு."

பெட்டியை மூடிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தான். "அப்ப நீ?"

சாதாரணமாகத்தான் கேட்டான். மூன்றரை வயதுப் பிள்ளை கேட்கிற கேள்விதான்.

"நான் உங்க அம்மா" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. முன் இருக்கைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "நான்தான் உன்னப் பெத்த அம்மா."

சொல்லிவிட்டேன். வாய்விட்டு, நாலு பேர் காதில் விழும்படி. நெஞ்சு லேசானது உண்மை.

ஆனால் அந்த நாற்பது பேர் அந்தப் பஸ்ஸில் இல்லை.